தாத்தா போனுக்கு வந்த அழைப்பு

குழு: கெடிலக்கரை வீடு

அத்தை, காலை 5:52
யாராவது எழுந்துவிட்டீர்களா. அம்மா வீட்டில் ராத்திரி அலாரம் அடித்திருக்கிறது. எதிர்வீட்டு டீச்சரம்மா இப்போதுதான் எனக்குப் போன் போட்டார்

அத்தை, 5:53
2:40க்கு

பெரியம்மா, 5:58
ஐயோ. திருடனா?

அத்தை, 5:59
யாரும் இல்லையாம் அண்ணி. பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறது, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது

பெரியப்பா, 6:10
[படம்: இனிய காலை வணக்கம், ரோஜாப்பூ]

அத்தை, 6:11
அண்ணே மேலே படி

பெரியப்பா, 6:14
இப்போதுதான் பார்த்தேன். என்ன ஆயிற்று

அப்பா, 6:20
நான் லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பட்டுமா? எட்டு மணிக்குள் மஞ்சக்குப்பம் போய்விடலாம். அம்மா போனை எடுக்கவில்லை

அத்தை, 6:21
அது போன் சார்ஜ் இல்லை. அப்பா போனுக்குக் கூப்பிடு, அதைத்தான் எடுக்கும்

நான், 6:34
ஆயாவிடம் பேசிவிட்டேன். குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறது, பெரியப்பா பஸ்ஸில் இருப்பார் என்பதால் எழுதிப் போடுகிறேன். ஆயா சொல்வது: "ஊ ஊ ஊன்னு கத்துது. தீயணைப்பு வண்டிதான் வந்துடுச்சுன்னு எழுந்தேன். டீச்சர் டார்ச் எடுத்துக்கிட்டு ஓடி வருது, அது பையன் கிரிக்கெட் ஸ்டம்ப்பைத் தூக்கிக்கிட்டு வர்றான். மெயினை ஆஃப் பண்ணியும் நிக்கல. அஞ்சு நிமிஷம் கத்திட்டு அதுவா அடங்குச்சு. அப்புறம் உங்க தாத்தா போன் அடிக்குது. ஒரு பொண்ணு, இன்னார் இருக்காரான்னு கேக்குது."

பெரியம்மா, 6:36
மாமா பேரைச் சொல்லியா கேட்டாள் 😢

நான், 6:37
ஆமாம் பெரியம்மா. ஆயா சொல்வது மீதி: "அவர் போயி போன மாசம் வருஷத் திதியே கொடுத்தாச்சும்மான்னேன். ஸாரிங்கம்மா, கடவுச்சொல் சொல்லுங்கன்னுது. பாடலீஸ்வரர்னேன். இல்லையாம். பிள்ளைங்க நாலு பேர் பேரும் சொன்னேன். என் பேரும் சொன்னேன். எதுவும் இல்லையாம். அப்ப நீயே சொல்லும்மான்னேன், சொல்லக் கூடாதாம்."

அத்தை, 6:38
சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது

சிங்கப்பூர் சித்தப்பா, 6:45
எல்லோரும் பதறாதீர்கள், நான் விளக்குகிறேன். மெயினை ஆஃப் செய்தால் நிற்காது, திருடன் முதலில் மெயினைத்தான் இழுப்பான் என்பதால்தான் பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறார்கள், நெட் போனாலும் வேலை செய்ய ஒரு சிம்மும் உள்ளே இருக்கிறது, அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவது நான். கதவில் இருப்பது காந்தம், கதவு பிரிந்தால் தெரிந்துகொள்ளும். ஹால் மூலையில் வெள்ளையாகக் குவிந்து இருப்பது பிஐஆர் சென்சார், அதற்கு ஆள் முகமெல்லாம் தெரியாது, சுற்றி இருக்கும் சூட்டைவிட வேறுபட்ட ஒரு சூடு குறுக்கே நகர்ந்தால் மட்டும் தெரியும். அலாரம் அடித்தால் கம்பெனி ஆட்கள் நாம் எழுதிக்கொடுத்த நம்பர்களுக்கு வரிசையாகக் கூப்பிடுவார்கள், கடவுச்சொல் சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள், தப்பாக இருந்தால் திருடன்தான் போனை எடுத்துப் பேசுகிறான் என்று வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சொல்வார்கள். இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது

அத்தை, 6:47
சொன்னார்களா ஸ்டேஷனுக்கு?

சிங்கப்பூர் சித்தப்பா, 6:50
அதைத்தான் விசாரிக்க வேண்டும் அக்கா

அத்தை, 6:51
எந்தத் திருடன் போனை எடுத்து என் வீட்டுக்காரர் செத்துட்டார் என்று அழுவான்

அப்பா, 6:55
இரண்டாவது நம்பர் யாருடையது?

சிங்கப்பூர் சித்தப்பா, 6:57
லேண்ட்லைன்

அப்பா, 6:57
அதை ஒப்படைத்து நாலு வருஷம் ஆகிறது

சிங்கப்பூர் சித்தப்பா, 6:58
மூன்றாவது பெரியண்ணன்

பெரியப்பா, 7:15
மூன்று மிஸ்டு கால் இருக்கிறது. ராத்திரி சைலண்ட்டில் போட்டுவிடுவேன், பிரஷர் மாத்திரை போட்டால் எனக்குக் காது கேட்பதில்லை. இதற்கு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்

அத்தை, 7:16
யாரும் சொல்லவில்லையே அண்ணே

பெரியப்பா, 7:17
சொல்வீர்கள்

பண்ருட்டி மாமா, 7:20
பல்லி. கட்டாயம் பல்லிதான். எங்கள் முந்திரி குடோனில் இதே மாதிரி ஒன்று வைத்தோம், பல்லி சென்சார் மேலேயே ஊர்ந்து போகும், வாரம் இரண்டு தடவை ஊரைக் கூட்டும். கழற்றிக் கடாசிவிட்டு நாய் வாங்கினேன்

பெரியம்மா, 7:22
அந்த நாய்தானே போன தீபாவளிக்கு ஓடிப்போனது

பண்ருட்டி மாமா, 7:22
அது வெடிச் சத்தத்துக்கு. நாய் மேல் தப்பு இல்லை

அத்தை, 7:24
மாமா சொல்கிற நாய்க் கதையை விடுங்கள். அலாரம் பராமரிப்புக்கு என்று வருஷத்துக்கு 4,500 ரூபாய் ஏஎம்சி கட்டுகிறோம். கட்டி என்ன கிடைத்தது, டீச்சரம்மா பையனும் ஒரு ஸ்டம்ப்பும்தான் வந்தது. அதற்கு நாம் ஒரு காசு கொடுத்தோமா?

சிங்கப்பூர் சித்தப்பா, 7:26
கட்டுகிறோம் இல்லை அக்கா, கட்டுகிறேன்

சித்தி, 7:26
காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

பெரியப்பா, 7:30
அலாரம் யார் கேட்டது. அம்மா நெய்வேலியில் என்னோடு வந்து இருந்தால் வீட்டைப் பூட்டி ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஊருக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸே அடிக்கடி அறிவிப்பு கொடுக்கிறது, ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்

அத்தை, 7:31
அம்மா எப்போது வருகிறேன் என்றது. 2024இல் தென்பெண்ணை வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோதே மாடியில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றது. தானே புயலில் ஓடு பறந்தபோதும் அப்படியே

பண்ருட்டி மாமா, 7:33
தானே பற்றிப் பேசாதீர்கள். 2011 டிசம்பர் 30. முப்பது வருஷத்து முந்திரித் தோப்பு ஒரே விடியலில் படுத்துவிட்டது, பலா மரம் வேரோடு

பெரியம்மா, 7:35
அது இருக்கட்டும் தம்பி, அடுத்த மாதம் திருவந்திபுரத்துக் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறீர்கள்? எங்கள் வீட்டுக்கு நேற்றுதான் பத்திரிகை வைத்தார்கள். முகூர்த்த நாளில் அங்கே மலை முழுக்கக் கல்யாணம்தான், போன தடவை வேறு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம்

அத்தை, 7:36
எங்களுக்கு இன்னும் வைக்கவில்லையே

பெரியம்மா, 7:36
வைப்பார்கள் வைப்பார்கள்

அத்தை, 7:37
இல்லை, சும்மா கேட்டேன்

அப்பா, 7:40
ஆல்பேட்டை தாண்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டுவது நான் இல்லை, தம்பி ஓட்டுகிறான். ஒன்று கேட்கிறேன், அலாரத்தை ராத்திரி போட்டது யார்? அம்மாவுக்கு அந்தப் பெட்டியில் எதை அமுக்குவது என்றே தெரியாது. அப்பா இருந்தவரை அவர்தான் போடுவார். அவர் போனதற்கு அப்புறம் அது சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்

பெரியப்பா, 7:41
அதானே

சிங்கப்பூர் சித்தப்பா, 7:43
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை, 7:43
என்ன அழித்தாய்

சிங்கப்பூர் சித்தப்பா, 7:44
எழுத்துப் பிழை

அத்தை, 7:44
டேய்

சிங்கப்பூர் சித்தப்பா, 7:52
சரி சொல்கிறேன். என் போனில் அதற்கு ஆப் இருக்கிறது. தினமும் தூங்கப் போகும் முன் பார்ப்பேன், எனக்கு ஒன்றரை மணி, அங்கே பதினொன்று. அலாரம் போடாமல் இருந்தால் இங்கிருந்தே போட்டுவிடுவேன். இதில் இரண்டு வகை இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கும்போது போடுவதில் கதவுகள் மட்டும் விழித்திருக்கும், வெளியே போகும்போது போடுவதில் ஹால் சென்சாரும் சேர்ந்து விழித்திருக்கும். அம்மா எப்போதும் உள்ளறையில்தானே படுக்கிறது, பாத்ரூமும் உள்ளேயே இருக்கிறது, ஹாலுக்கு வராது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முழுசாகவே போட்டுவந்தேன். ஒரு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை

அத்தை, 7:53
அம்மா பத்து நாளாக ஹாலில்தான் படுக்கிறது. உள்ளே புழுக்கம்

சிங்கப்பூர் சித்தப்பா, 7:53
அது எனக்கு யார் சொன்னது

சித்தி, 7:54
எனக்கே இப்போதுதான் தெரியும், இவர் ராத்திரி போனை நோண்டுவது இதற்குத்தான் என்று

பண்ருட்டி மாமா, 7:55
ஆக, பல்லி சிங்கப்பூரில் இருந்திருக்கிறது

பெரியப்பா, 7:55
😂😂😂

நான், 7:56
ஆயா 2:40க்கு எழுந்து பாத்ரூம் போயிருக்கிறது. அவ்வளவுதான்

பெரியம்மா, 7:58
அப்போ ஹாலில் கேமராவும் இருக்கிறதா? போன மாதம் திதிக்கு வந்தபோது நாங்கள் பேசினதெல்லாம்?

சிங்கப்பூர் சித்தப்பா, 7:59
கேமரா எதுவும் இல்லை அண்ணி. சூடு மட்டும்தான் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன்

அத்தை, 7:59
என்ன பேசினீர்கள் அண்ணி?

பெரியம்மா, 8:00
ஒன்றும் இல்லை, பொதுவாகத்தான்

சிங்கப்பூர் சித்தப்பா, 8:06
என்னைத் திட்டுவது திட்டுங்கள். 2019இல் பக்கத்துத் தெருவில் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனபோது அப்பாதான் எனக்குப் போன் போட்டு ஏதாவது செய்யேன்டா என்றார். எல்லோரும் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஒரு மணி நேரத்தில் போய் நிற்க முடியும். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஆப்பில் பச்சை விளக்கைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்

அத்தை, 8:09
சரி விடு

அத்தை, 8:09
சாப்பிட்டாயா

அப்பா, 8:15
வந்து சேர்ந்துவிட்டேன். அம்மா காபி போட்டுக் கொடுக்கிறது. டீச்சரம்மா இட்லி கொடுத்து அனுப்பியிருக்கிறார். கம்பெனிக்குப் போன் போட்டேன், ராத்திரி ஸ்டேஷனுக்கு ஏன் சொல்லவில்லை என்றால் புகார் பதிந்திருக்கிறோம், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்கிறார்கள். நம்பரை மாற்ற வேண்டும் என்றால் கடவுச்சொல் கேட்கிறார்கள்

அத்தை, 8:16
போச்சு

சிங்கப்பூர் சித்தப்பா, 8:17
எனக்கும் தெரியாது, அப்பாதான் படிவத்தில் எழுதினார். அந்தப் படிவத்தின் நகல் அப்பா பீரோ ஃபைலில் இருக்கும்

அப்பா, 8:18
ஃபைல் இங்கே இல்லையே

அத்தை, 8:18
ஃபைல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்

பெரியப்பா, 8:25
பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நெய்வேலிக்கு எடுத்துவந்தேன். பட்டா, பத்திரம் எதையும் நான் தொடவில்லை

அத்தை, 8:25
பட்டாவை யார் கேட்டது அண்ணே, கடவுச்சொல்தான் கேட்கிறோம்

பெரியப்பா, 8:26
நான் ஷிஃப்டில் இருக்கிறேன். உன் அண்ணியைப் பார்க்கச் சொல்கிறேன்

நான், 8:30
அவசரம் என்றால் 112க்குக் கூப்பிட வேண்டும் என்று ஆயாவுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன் அப்பாவிடம். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப்பையும் ஆயா போனில் போடலாம், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும்

பெரியப்பா, 8:31
முதலில் அந்தப் போனுக்குச் சார்ஜ் போடச் சொல்

பெரியம்மா, 8:52
கிடைத்தது. மாமா கையெழுத்து, ஊதா மை

பெரியம்மா, 8:53
[படம்]

பெரியம்மா, 8:53
கடவுச்சொல் என்ற இடத்தில் முந்திரிக்கொட்டை என்று எழுதியிருக்கிறார்

அத்தை, 8:54
😭😭

அப்பா, 8:55
அப்பா அம்மாவைக் கூப்பிடுவது

அத்தை, 8:55
எதையாவது சொல்ல ஆரம்பித்தால் அம்மா குறுக்கே வரும். வந்துட்டா முந்திரிக்கொட்டை என்பார்

பண்ருட்டி மாமா, 8:56
நான் பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் எதிரில் சொன்னார். நான் முந்திரி வியாபாரி என்பதால் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்

சிங்கப்பூர் சித்தப்பா, 8:57
சரி, ஆனால் கடவுச்சொல்லைக் குழுவில் போடக் கூடாது. 23 பேர் இருக்கிறோம். உடனே மாற்ற வேண்டும். புதிதாக ஒன்று யோசியுங்கள்

அப்பா, 8:59
அம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை

அப்பா, 9:04
மாற்றக் கூடாதாம். முதல் நம்பரையும் மாற்றக் கூடாதாம். அந்தப் போனை நான்தானே எடுக்கிறேன், அதுவே இருக்கட்டும் என்கிறது

சிங்கப்பூர் சித்தப்பா, 9:05
இரண்டாவது நம்பராவது?

அத்தை, 9:05
டீச்சரம்மா நம்பரைப் போடு

பெரியப்பா, 9:06
அவர்களைக் கேட்காமல் எப்படி

அத்தை, 9:06
கேட்டுக்கொள்வோம்

பெரியப்பா, 9:07
ஏஎம்சி புதுப்பிப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். ஃபைலையும் எடுத்துவருகிறேன்

அத்தை, 9:07
இந்த ஞாயிறா? வருகிற ஞாயிறா?

பண்ருட்டி மாமா, 9:08
இந்த ஞாயிறு எனக்கு லோடு இருக்கிறது

பெரியம்மா, 9:08
கல்யாணத்தில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாமே

அத்தை, 9:09
எங்களுக்குத்தான் பத்திரிகை வரவில்லையே அண்ணி

அப்பா, 9:15
நான் பாண்டிக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா தெம்பாக இருக்கிறது. சித்தப்பன் இன்றைக்கு ராத்திரி எதையும் அமுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னது

நான், 9:41
ஆயா இன்னொரு குரல் பதிவு போட்டிருக்கிறது. எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு திரும்பவும் தாத்தா போனுக்குக் கூப்பிட்டுச்சு. கேக்கறதுக்கு முந்தியே முந்திரிக்கொட்டைன்னு சொல்லிட்டேன். சிரிக்குது. சரியாச் சொன்னீங்கம்மா, உங்க வீட்ல ராத்திரி மூணு மணியிலேர்ந்து கரண்ட் இல்ல, பேட்டரி தீரப்போகுதுன்னுது. ஃபேன் ஏன் சுத்தலைன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். பிரிட்ஜ்ல வேற சங்கரா மீன் இருக்கு. டீச்சர் பையன் காலேஜ் போயிட்டான். மெயின் எட்ட மாட்டேங்குது, இப்ப யாரு வந்து போடுறது?"

அப்பா, 9:42
வண்டியைத் திருப்பச் சொல்கிறேன்