நர்ஸுக்கு இத்தனை உடற்கூறியல் எதற்கு?

தட்டோன்_பொண்ணு:
ரங்கூனில் நர்ஸிங் முதலாண்டு படிக்கிறேன். புத்தகம் இங்கிலீஷ், வகுப்பு பர்மீஸ், வீட்டில் தமிழ். உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிரை எடுக்கின்றன. மொத்தம் 206 எலும்பு, மணிக்கட்டில் மட்டும் 8. ஊசி போட, கட்டு மாற்ற இதெல்லாம் எதற்கு? டாக்டர் சொல்வதைத்தானே செய்யப்போகிறோம்? அனுபவப்பட்ட அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சயாமா:
தங்கச்சி, அந்த 8 பெயரும் எனக்கு இப்போது ஞாபகமில்லை. 31 வருஷம் வார்டில் இருந்தேன், ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் மூச்சுக்குழாய் எப்படிப் பிரிகிறது என்பதை மறக்கவே மாட்டேன்.

குழந்தைகள் வார்டில் இரவு டூட்டி. இரண்டு வயதுப் பையன், மூன்று நாளாக இருமலும் இழுப்பும். ஆஸ்துமா என்று எழுதி மருந்து போய்க்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன், விசில் சத்தம் வலப்பக்கம் மட்டும்தான். ஆஸ்துமா என்றால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமே! வலது மூச்சுக்கிளை இடதைவிட அகலம், குட்டை, ஏறக்குறைய நேராக இறங்கும். தவறி உள்ளே போவது பெரும்பாலும் அங்கேதான் விழும். இருமல் எப்போது தொடங்கியது என்று அம்மாவிடம் கேட்டேன். பாட்டியின் லப்பெட் (ஊறவைத்த தேயிலைத் தின்பண்டம்) தட்டிலிருந்து வறுத்த கடலையை அள்ளி வாயில் போட்டானாம், அன்றிலிருந்துதான். டாக்டரை எழுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மறுநாள் குழாய் விட்டு அரைக் கடலையை எடுத்தார்கள்.

மண்டலே_தம்பி:
ஊசியை ஏன் லேசாக நினைக்கிறீர்கள்? பிட்டத்தை நாலாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கத்துக் கால்பகுதியில் போடச் சொல்வது, பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்புக்குப் பயந்துதான். அதில் குத்திவிட்டால் பாதம் தொங்கிப்போகலாம். எனக்குப் பயிற்சியில் கை நடுங்கியது, அப்புறம் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தைரியம் வந்தது.

தட்டோன்_பொண்ணு:
சரி அக்கா, புரிகிறது. ஆனால் மூன்று மொழியில் எப்படி மனதில் நிறுத்துவது?

ஓய்வுபெற்ற_சயாமா:
பெயரை விடு, முதலில் இடத்தைப் பிடி. வீட்டில் ஒல்லியாக யாராவது இருந்தால் உட்காரவைத்து விலாவை எண்ணு. இடப்பக்கம் ஐந்தாவது விலாவுக்குக் கீழே உள்ள இடுக்கில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே விரலை வை, இதயம் தட்டும். அங்கே தொட்டபடி மூன்று மொழியிலும் சொல்லிப் பார். ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் காதலில் தோற்றவனுக்கு உடைவது இதயமல்ல, ஈரல். 'அத்தே குவே' (பர்மீஸில் 'ஈரல் உடைந்தது') என்று ஒருவன் அழுதால் வலப்பக்க வயிற்றை அமுக்கிப் பார்க்காதே.

தட்டோன்_பொண்ணு:
தம்பியைப் பிடித்து உட்காரவைத்தேன் அக்கா. கூச்சத்தில் நெளிகிறான், நாலாவது விலாவோடு ஓடிவிட்டான்.