உதவி தேவை: 640 படங்களில் 212 ஏறவில்லை, 'கோப்பு இல்லை' என்கிறது

தண்ணீர்மலை_தம்பி
வணக்கம். தைப்பூசப் படங்களை மொத்தமாகத் தளத்தில் ஏற்றவேண்டும். சில ஏறுகின்றன, சிலவற்றுக்குக் 'கோப்பு இல்லை' என்று வருகிறது. ஆனால் கோப்பு அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காட்டவேண்டும். அவசரம்.

பட்டர்வொர்த்_கலா
எந்தத் தளம் தம்பி, வேர்ட்பிரஸா ஜூம்லாவா? பிரவுசரில் இழுத்துப் போடுகிறீர்களா, வேறு வழியா?

பாயான்லெப்பாஸ்_மணி
அளவுப் பிரச்சினைதான். வேர்ட்பிரஸ், ஜூம்லா இரண்டும் ஓடும் பி.எச்.பி. மொழியின் அமைப்பில் யாரும் கைவைக்காவிட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்.பி., ஒரு தடவைக்கு மொத்தம் 8 எம்.பி., அதிலும் 20 கோப்புதான். கேமரா படம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். மூன்றையும் கூட்டிவைத்துப் பாருங்கள்.

ஈப்போ_சீனியர்
கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்த மாதிரி. பதிப்பு இல்லை, பிழைச் செய்தி முழுதாக இல்லை, எப்படி ஏற்றினீர்கள் என்பதும் இல்லை. பதினைந்து வருடமாக இங்கே இதையேதான் சொல்கிறேன்.

தண்ணீர்மலை_தம்பி
மன்னிக்கவும் சார். வேர்ட்பிரஸ். பிரவுசரில் பாதியில் நின்றுவிட்டதால் எஸ்.எஃப்.டி.பி. வழியாக நேரே சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டேன்.

சுங்கைநிபோங்_வாசி
அதுதான் காரணம். படம் டிஸ்கில் இருந்தால் மட்டும் மீடியா லைப்ரரிக்குத் தெரியாது, டேட்டாபேஸில் பதிவாகவேண்டும். வேர்ட்பிரஸைக் கட்டளை தட்டி இயக்கும் டபிள்யூ.பி. சி.எல்.ஐ. கருவி இருந்தால் 'மீடியா இம்போர்ட்' கட்டளை ஒன்றே போதும்.

தண்ணீர்மலை_தம்பி
பதிவாகிறது அண்ணே. படத்தின் பெயர், விளக்கம் இரண்டும் உள்ள சி.எஸ்.வி. பட்டியலைக் கொடுத்தால் ஒரு பிளகின் அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 428 வந்துவிட்டன. மீதி 212க்குத்தான் இந்தப் பிழை.

பாயான்லெப்பாஸ்_மணி
அந்த 212ம் பெரிய படங்களாக இருக்கும், பாருங்கள்.

பட்டர்வொர்த்_கலா
அளவு என்றால் 'கோப்பு இல்லை' என்று ஏன் சொல்லவேண்டும்? தம்பி, ஏறியதில் ஐந்து, ஏறாததில் ஐந்து பெயரை அப்படியே ஒட்டுங்கள். பெயர் வைத்தது யார், எந்தக் கம்ப்யூட்டரில்?

தண்ணீர்மலை_தம்பி
ஏறியவை: காவடி-01, பால்குடம்-07, தேங்காய்-12, வெள்ளிரதம்-03, தங்கரதம்-08.
ஏறாதவை: மொட்டை-05, கோவில்வீடு-04, நாட்டுக்கோட்டை-11, மோர்ப்பந்தல்-02, தொண்டர்-09.
படம் எடுத்த மாமா வைத்த பெயர்கள். அவரிடம் பழைய மேக், அதிலிருந்து ஜிப்பாக அனுப்பினார். பட்டியலை நான் விண்டோஸில் தட்டச்சு செய்தேன்.

ஈப்போ_சீனியர்
தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் இப்படித்தான். ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் இருக்கவேண்டும். வேர்ட்பிரஸ் படத்தின் பக்க முகவரியில் வரும் பெயரை 200 எழுத்தில் வெட்டிவிடும். ஒரு தமிழ்க் குறி (எழுத்து, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி) அங்கே 9 எழுத்தாக விரியும். 22 குறிக்குமேல் இடமில்லை.

சுங்கைநிபோங்_வாசி
நாட்டுக்கோட்டை என்பதே 14 குறிதான் சார், தாராளமாகப் போதும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 1991லிருந்து தமிழ் இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யும் முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்த மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு, கோவில் படத்துக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்றால் எப்படி?

ஈப்போ_சீனியர்
முரசு அஞ்சல் எழுதுவதற்கு. சர்வர் வேறு. உணர்ச்சி வேண்டாம்.

சுங்கைநிபோங்_வாசி
உணர்ச்சி இல்லை சார். பத்து வருடம் கழித்து அந்த ஃபோல்டரைத் திறக்கிறவருக்கு 'மொட்டை' என்றால் புரியும், வெறும் எண் இருந்தால் என்ன புரியும்?

பட்டர்வொர்த்_கலா
தம்பி, இங்கே பாருங்கள். ஏறாத ஐந்திலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது: மொ, கோ, மோ, தொ. ஏறிய ஐந்தில் ஒன்றில்கூட இல்லை.

'ொ' குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைத்தால் 3 பைட். ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து வைத்தால் 6 பைட். 'ோ', 'ௌ' இரண்டும் இப்படித்தான். திரையில் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. மேக்கின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் டிஸ்க் முறை எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும். 2017ல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். அப்படிச் செய்வதில்லை. விண்டோஸில் நீங்கள் தட்டியது சேர்ந்த குறி. லினக்ஸ் சர்வர் பைட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். தேங்காயில் 'ே' தனிக்குறி, பிரிய ஒன்றுமில்லை, அதனால் தப்பித்தது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஃபோல்டரிலிருந்து ஒரு மொட்டைப் படத்தின் பெயரை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டி, அந்த ஒரு வரியை மட்டும் ஓட்டுங்கள். ஏறினால் இதுதான். அப்புறம் சர்வரில் 'கான்வ்-எம்வி' கருவியைக் கொண்டு எல்லாப் பெயரையும் என்.எஃப்.சி. வடிவுக்கு, அதாவது சேர்ந்த குறிக்கு, மாற்றுங்கள். சும்மா ஓட்டினால் ஒத்திகை மட்டும்தான். 'நோ-டெஸ்ட்' சேர்த்தால்தான் பெயர் உண்மையில் மாறும். அதற்குமுன் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பாயான்லெப்பாஸ்_மணி
சரி, இது அளவு இல்லை. ஆனாலும் அந்த 2 எம்.பி.யைக் கூட்டிவையுங்கள், அடுத்த தடவை பிரவுசரில் ஏற்றும்போது தேவைப்படும்.

ஈப்போ_சீனியர்
ஆங்கிலப் பெயர் என்றால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

சுங்கைநிபோங்_வாசி
பிரெஞ்சுக்காரருக்கும் மேக்கில் இதே சிக்கல் வருகிறது சார். அவர்கள் பெயரை விடவில்லை, குறியைத்தான் சரிசெய்கிறார்கள்.

தண்ணீர்மலை_தம்பி
ஏறிவிட்டது அக்கா, 640ம். நன்றி. மாமாவின் கௌரிசங்கர் ஆல்பம் இன்னும் பாக்கி, அதையும் இப்படியே மாற்றிவிடுகிறேன்.