அலுமினியத் தகட்டை மடிக்கும்போது விரிசல் விடுகிறது, அவசர உதவி தேவை

ஆழியாறு:
அனைவருக்கும் வணக்கம். வண்டியின் கதவுகளுக்குக் கீழே உள்ள பகுதி கல்லில் இடித்து நசுங்காமல் இருப்பதற்காக அலுமினியத் தகட்டில் ஒரு காப்பு செய்துகொண்டிருக்கிறேன். தகட்டை வைஸில் (இறுகப் பிடிக்கும் பட்டறைக் கருவி) பிடித்து, கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி மடிக்கிறேன். பாதி மடிந்ததும் மடிப்பின் வெளிப்புறத்தில் முடி அளவுக்குக் கோடு விழுகிறது; மேலும் தட்டினால் அந்தக் கோடு நீளவாக்கில் பிளந்துவிடுகிறது. வாங்கிய தகட்டில் பாதி வீணாகிவிட்டது. அடுத்த வாரம் மலைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

தகரப்பட்டறை:
நண்பரே, எந்த வண்டி, தகட்டின் தடிமன் எவ்வளவு, தட்டையான தகடா அல்லது மேற்பரப்பில் மேடுகள் உள்ள செக்கர்டு பிளேட்டா என்று சொன்னால்தான் உதவ முடியும். மடிக்கும் இடத்தின் படம் இருந்தாலும் போடுங்கள்.

ஆர்கான்:
மடிக்கவே வேண்டாம். இரண்டு பட்டைகளாக வெட்டி, மூலையில் சேர்த்து டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு செய்யும் பற்றவைப்பு) செய்துவிடுங்கள். அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருகுவதற்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும், உள்ளே இருக்கும் உலோகமோ 660 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே அந்தப் படலத்தை உடைக்கும் ஏசி மின்னோட்டம் உள்ள டிக் இயந்திரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவருகிறேன்.

பழைய கியர்:
உலோகத்தின் தரம், தடிமன், மடிப்பின் உள் ஆரம் (உட்புற வளைவின் ஆரம்) ஆகிய மூன்றையும் சொல்லாமல் விரிசலுக்குக் காரணம் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பது போன்றது. இவற்றை முதல் பதிவிலேயே எழுத வேண்டும் என்பதை வேலை தொடங்குபவர்கள் எப்போது கற்றுக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. எந்தத் தரம் என்று கேட்டால் எல்லோரும் ‘அலுமினியம்’ என்றே பதில் சொல்கிறார்கள். அலுமினியம் என்பது ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. உங்கள் கையில் இருப்பது அந்தக் குடும்பத்தில் யார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆழியாறு:
வண்டி மாருதி ஜிப்ஸி ஜீப். தகடு 3 மி.மீ., தட்டையானது. தரம் தெரியவில்லை; கெட்டியானதாகக் கேட்டேன், கடையில் இதைக் கொடுத்தார்கள். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் கல்பாதையில் போகிறேன்.

தகரப்பட்டறை:
தகட்டின் பின்புறத்திலோ ஓரத்திலோ மையால் அச்சிட்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். 6061 டி6 என்று இருந்தால் உங்கள் விரிசலுக்குக் காரணம் அதுதான். அது வெப்பப்பதம் செய்யப்பட்ட உலோகம். வலிமை அதிகம், ஆனால் குறுகிய ஆரத்தில் மடியாது. 3 மி.மீ. தகடு என்றால் மடிப்பின் உள் ஆரம் தடிமனைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், நான்கு மடங்கு இருந்தால் நிம்மதி. வைஸின் தாடை விளிம்பு கூராக இருப்பதால், நீங்கள் கொடுத்த ஆரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. அதுவே 5052 எச்32 என்ற வேறொரு அலுமினியத் தரம் என்றால் தடிமன் அளவுக்கு, அல்லது அதைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்திலேயே வெடிக்காமல் மடியும். அதன் வலிமை சற்றுக் குறைவுதான். 6061 டி6 நிரந்தரமாக வளையத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும், 5052 எச்32க்கு 190ஐ ஒட்டி இருந்தால் போதும். ஆனால் கையால் மடித்துச் செய்யும் காப்புக்கு 5052தான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தகட்டின் பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், ஆலையில் உருட்டப்பட்ட திசையில் மெல்லிய கோடுகள் நீளமாக ஓடுவது தெரியும். மடிப்புக்கோடு அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக அமையும்படி தகட்டை வெட்டுங்கள். அவற்றோடு இணையாக மடித்தால் விரிசல் விரைவாக வரும். வெட்டிய ஓரத்தில் உள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கிவிடுங்கள், ஏனெனில் பெரும்பாலும் பிசிறிலிருந்துதான் பிளவு புறப்படுகிறது.

கொல்லன்_கோவை:
தகட்டை மாற்றத் தேவையில்லை. மடிக்கும் கோட்டின் மேல் துணி துவைக்கும் சோப்பைக் காய்ந்த நிலையில் அழுத்தித் தேய்த்து, மறுபுறத்திலிருந்து கேஸ் தீயைக் காட்டுங்கள். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுக்கும்போது தீயை எடுத்துவிட்டு, ஆறிய பிறகு மடித்தால் தகடு ஈயம்போல் மடியும். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது. வெள்ளையாகவே இருந்து திடீரென்று சரிந்து விழும். ஆகவே சோப்பின் நிறத்தை நம்புங்கள், தகட்டின் நிறத்தை நம்ப வேண்டாம்.

தகரப்பட்டறை:
ஐயா சொல்லும் முறை சரியானது, நானும் வளைவான மூலைகளுக்கு அதைச் செய்திருக்கிறேன். ஆனால் அப்படிச் சூடாக்கிய இடத்தில் 6061இன் பதம் போய்விடும். மற்ற இடம் கெட்டியாகவும் மடிப்பு மட்டும் மிக மென்மையாகவும் இருக்கும். கல் முதலில் மோதும் இடமே அந்த மடிப்புதான் என்பதால், கதவுக்கடியில் வரும் காப்புக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டிங் செய்தாலும் இதே இழப்பு உண்டு. 6061 டி6 தகட்டில் வெல்டு விழுந்த ஓரத்தின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

ஆர்கான்:
வெல்டிங்கைக் குறை சொல்வது எளிது. நிரப்புக் கம்பியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, மூலையின் உட்புறத்தில் சிறு முக்கோணத் தாங்கல்கள் வைத்தால் வெல்டு நிற்கும்.

இரும்புக்கை:
இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே என் கேள்வி. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தால் மடிக்கவும் எளிது, எந்த ஊரிலும் வெல்டு செய்யலாம், கல்லின் மேல் வண்டி உட்கார்ந்தாலும் இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியமோ கல்லில் சிராய்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கும். விலையும் குறைவு.

ஆர்கான்:
எடையை மறந்துவிட்டீர்கள். 3 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் அலுமினியம் 8.1 கிலோ, இரும்பு 23.5 கிலோ. ஜிப்ஸி போன்ற இலகுவான வண்டிக்கு அலுமினியம்தான் அழகு. லேண்ட் ரோவர் 1948இல் வெளிவந்தபோதே அதன் உடல் அலுமினியம்; அவர்கள் யோசிக்காமலா செய்திருப்பார்கள்?

இரும்புக்கை:
போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்தது, அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால்தான் அந்த முடிவு. சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டகம்) அவர்கள் இரும்பில்தானே செய்தார்கள்? அடி வாங்கும் இடத்தில் இரும்புதான் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

பழைய கியர்:
இருவரும் பாதியை மட்டும் சொல்கிறீர்கள். லேண்ட் ரோவரில் பயன்படுத்திய பிர்மாபிரைட் என்பது மக்னீசியம் சேர்த்த அலுமினியக் கலவை. வெப்பப்பதம் இல்லாமல் உருவமைப்பதாலேயே வலுப்பெறும் வகை, அதாவது மேலே நண்பர் பரிந்துரைத்த 5052இன் நெருங்கிய உறவு. அந்த வண்டிகளின் அலுமினிய உடலும் இரும்புச் சட்டகமும் தொடும் இடங்களில், ஈரம் தேங்கியபோது அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்ததைப் பழைய வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேள்வி கேட்டவர் படிக்க வேண்டிய பாடம் இது. இரும்பா அலுமினியமா என்ற சண்டை அன்று.

எடைக் கணக்கையும் முழுமையாகச் செய்யுங்கள். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்களவுதான். 3 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு இணையான வளைவுத் தாங்கல் வேண்டுமென்றால் அலுமினியம் சுமார் 4.3 மி.மீ. வேண்டும். அப்போதும் எடை பாதியாகவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதே 3 மி.மீ. தடிமனில் அலுமினியம் போட்டுவிட்டு இரும்பின் வேலையை எதிர்பார்ப்பது தவறு.

தகரப்பட்டறை:
விவாதம் நல்லதுதான், ஆனால் ஆழியாறு நண்பர் அடுத்த வாரம் கிளம்புகிறார். தகட்டைவிட முக்கியமான ஒன்றை யாரும் அவரிடம் கேட்கவில்லை: இந்தக் காப்பை எதில் மாட்டப்போகிறீர்கள்? கதவுக்கடியில் உள்ள உடல் தகடு மெல்லியது. அதன் மேல் 3 மி.மீ. அலுமினியத்தை ரிவெட் அடித்தால், தெறிக்கும் சரளைக்கும் முட்செடிகளின் கீறலுக்கும் அது நல்ல காப்பு. வண்டியின் எடை ஒரு பாறையின் மேல் இறங்கினால் காப்பும் அதன் பின்னால் உள்ள தகடும் சேர்ந்தே உள்ளே போய்விடும். வண்டி கல்லில் உட்காரும் அளவுக்குப் பாதை மோசம் என்றால், சேஸிஸிலிருந்து கை நீட்டி வரும் இரும்புக் குழாய்தான் சுமையைத் தாங்க வேண்டும், அலுமினியம் அதன் மேல் போர்வையாக மட்டும் இருக்கலாம். ஜிப்ஸியில் உடல், ரப்பர் தாங்கிகளின் வழியாகத்தான் சேஸிஸின் மேல் அமர்ந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். ஆகவே ஒரே காப்பை இரண்டிலும் சேர்த்து முடுக்கினால், துளைகளைச் சுற்றி விரிசல் வருவது உறுதி.

ரிவெட் அடிப்பதாக இருந்தால், துளை போட்ட இடத்தில் வெளிப்படும் இரும்புக்கு உடனே பிரைமர் பூசுங்கள். தகட்டுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் பட்டையோ பூச்சுநாடாவோ வைத்து, இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொடாமல் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் அதன் அடியில் நைலான் வாஷர் அவசியம். கீழ் மடிப்பில் ஒரு சாணுக்கு ஒன்றாக வடிகால் துளைகள் போடாவிட்டால், எஸ்டேட் சேறு உள்ளே புகுந்து ஈரமாகவே கிடந்து, நீங்கள் காப்பாற்ற நினைத்த அதே தகட்டை உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்துவிடும். ஆறு மாதம் கழித்துக் காப்பைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனதை என் பட்டறையிலேயே கண்டிருக்கிறேன்.

பச்சைமலை:
என்னிடம் சுசுகியின் ஜிம்னி ஜீப் இருக்கிறது. பின்பக்க மூலைகளுக்கு இதேபோல் செய்ய நினைக்கிறேன். செக்கர்டு பிளேட் பயன்படுத்தலாமா?

கொல்லன்_கோவை:
பயன்படுத்தலாம், ஆனால் மேடுள்ள பக்கம் மடிப்பின் வெளியே வரும்போது ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் இழுவை குவியும் என்பதால் ஆரத்தைத் தாராளமாக வையுங்கள். மூலைகளை உருட்டி அரம் போடுங்கள். தெருவில் நடப்பவர்களின் காலில் கீறும் கூர்முனை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இரும்புக்கை:
ஜிம்னி மூலைக்கும் இரும்புதான் என் பரிந்துரை.

ஆர்கான்:
மூலைக் காப்பு எந்தப் பாறையில் வழுக்கப்போகிறது? அங்கே மரக்கிளை உரசுவதற்குத்தானே காப்பு?

ஆழியாறு:
பின்புறத்தில் 6061 டி6 என்று மங்கலாக அச்சு இருந்தது. கோவையில் 5052 வாங்கி, 12 மி.மீ. கம்பியை வைஸில் சேர்த்துப் பிடித்து அதன் மேல் மடித்தேன். விரிசல் இல்லை. இரண்டு பக்கமும் முடிந்தது. நன்றி.

தகரப்பட்டறை:
மகிழ்ச்சி. ரிவெட்டா, போல்ட்டா? வடிகால் துளை போட்டீர்களா? இன்னும் போடவில்லை என்றால் கிளம்புவதற்கு முன் 8 மி.மீ. துரப்பணத்தால் கீழ் மடிப்பில் போட்டுவிடுங்கள், மாட்டிய நிலையிலேயே செய்யலாம். உள்ளே உடல் தகட்டைத் துளைத்துவிடாமல் துரப்பணத்தில் ஒரு நாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.