உடல்வழித் தரவுப் பரிமாற்றம்: பேட்டரியில் மட்டும் சிக்னல் மறைவது குறித்து உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். மின்னணுவியல் இறுதியாண்டு மாணவனான நான், மணிக்கட்டில் கட்டிய கருவியிலிருந்து மறுகையின் விரல் தொடும் கருவிக்கு, உடலையே கம்பியாகக் கொண்டு தரவை அனுப்பும் ஒரு திட்டத்தைச் செய்து வருகிறேன். 1990களின் நடுவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் தாமஸ் ஜிம்மர்மேன் உருவாக்கிய மின்தேக்க இணைப்பு முறையே (நேரடிக் கம்பித் தொடர்பின்றி மின்புலத்தின் வழியே சிக்னலைக் கடத்துவது) இதற்கு அடிப்படை. கைகுலுக்கலிலேயே முகவரி அட்டையைப் பரிமாறிய அந்த அமைப்பின் வேகம் நொடிக்கு 2,400 பிட்தான் என்பதால், என்னாலும் முடியும் என்று துணிந்தேன்.

பெறுகருவியோடு இணைத்த மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்வரை 330 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் தெளிவாகக் கிடைக்கிறது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. உடல் முன்செல்லும் பாதையை மட்டுமே தருகிறது, திரும்பும் பாதை காற்றின் வழியே நிலத்தோடு அமையும் மிகச் சிறிய மின்தேக்கத்தை நம்பியிருக்கிறது, ஆகவே சார்ஜரின் எர்த் இணைப்பே அதுவரை அப்பாதையைக் கொடுத்திருக்கிறது என்று இப்போது கருதுகிறேன். (இரண்டு வாரம் கொண்டாடியது பொய்யான வெற்றி!)

பேட்டரியில் மட்டும் இயங்கும் பெறுகருவிக்கு உள்ளீட்டு மின்மறுப்பு மிகுந்த (அதாவது, வலுவற்ற சிக்னலிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும்) பெருக்கியை எப்படி அமைப்பது, திரும்பும் பாதைக்கான கிரவுண்டு தகட்டை எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் வைப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். உடலில் அணியும் கருவிகளின் தொடர்புக்காக 2012இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.6 தரநிலை, உடல்வழிப் பரிமாற்றத்துக்கு 21 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்திருப்பதால், நானும் அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமா? எர்த் இணைப்புள்ள ஆசிலாஸ்கோப்பால் (சிக்னலின் அலைவடிவைக் காட்டும் கருவி) அளந்தால், அதுவும் திரும்பும் பாதையைக் கொடுத்துவிடுவதால் அளவீடே மாறிவிடுகிறது. குறைந்த செலவில் மாற்று வழி இருந்தால் அதையும் தெரிவியுங்கள். சுற்று வரைபடத்தைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.