டிரா நிலையில் கடிகாரத்தை வைத்து ஜெயிக்கலாமா?

வடகடல்:
தடைக்காலம், படகெல்லாம் கரையில். அதனால் மண்டபத்தில் நடந்த செஸ் போட்டிக்கு நல்ல கூட்டம். கடைசிச் சுற்று, முதல் மேசை. ஆளுக்கு 60 நிமிடம், நகர்வுக்குக் கூடுதல் நொடி கிடையாது. வெள்ளையிடம் மிஞ்சியது வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நகரும் பிஷப்பும் எச் வரிசைச் சிப்பாயும்தான். கறுப்பு ராஜா எச்8 மூலையில். அது கறுப்புக் கட்டம், அந்த பிஷப்பால் தொடவே முடியாது. விடிய விடிய ஆடினாலும் டிரா. கறுப்பு ஆடிய பையன் இரண்டு முறை டிரா கேட்டான். வெள்ளை ஆடிய அண்ணன் காதிலேயே வாங்கவில்லை, பையனிடம் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று அவருக்குத் தெரியும். ராஜாவை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு நேரம் முடிந்து கடிகாரக் கொடி விழுந்தது. இதெல்லாம் ஒரு வெற்றியா?

கீழக்கரைக் குதிரை:
வெற்றிதான். 60 நிமிடம் இருவருக்கும் பொது. பையன் பத்தாவது நகர்வுக்கே கால் மணி நேரம் யோசித்தான், நானும் பார்த்தேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 14ஆவது ஆட்டம், எல்லாரும் டிரா என்றார்கள். குகேஷ் விட்டாரா? 55ஆவது நகர்வில் டிங் லிரென் ரூக்கைத் தப்பாக எஃப்2-வில் வைத்தார், 18 வயதில் நம்ம பையன் உலகச் சாம்பியன்.

வடகடல்:
காக்கா, அது வேறு. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், டிங் தப்பு செய்ய இடம் இருந்தது. அவருக்கு நகர்வுக்கு 30 நொடி கூடிக்கொண்டும் இருந்தது. இங்கே மூலையை விட்டு வராதவரை பையனுக்கு ஆபத்தே இல்லை. தோற்றது அவன் விரல்தான்.

கீழக்கரைக் குதிரை:
விரலும் ஆட்டத்தில் சேர்த்தி, தம்பி. எதிராளி செக்மேட் வைக்க விதிப்படி ஏதாவது ஒரு வழி இருந்தால்கூட, நேரம் முடிந்தவனுக்குத் தோல்வி. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்வது, நான் சொல்வதல்ல.

தொண்டிக் கச்சான்:
அதே ஃபிடே இன்னொன்றும் சொல்கிறதே. கூடுதல் நொடி இல்லாத ஆட்டத்தில், இரண்டு நிமிடத்துக்குக் கீழே போனதும் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடலாம். 'இவரால் சாதாரண வழியில் ஜெயிக்க முடியாது' என்று டிரா கோரலாம். இல்லையென்றால் நகர்வுக்கு 5 நொடி சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அந்த விதி உண்டு என்று போட்டிக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தார்களா?

வடகடல்:
இல்லை. அறிவித்திருந்தாலும் 5 நொடியை எதில் சேர்ப்பது? எல்லாமே பழைய முள் கடிகாரம். யார் கொண்டுவந்தார்களோ தெரியவில்லை.

கீழக்கரைக் குதிரை:
சரி சரி. கடிகாரம் இரவல் கொடுத்தது நான்தான்.