மூட்டுத் தேய்மானத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

மலர்விழி:
அம்மாவுக்கு 61 வயது, வலது முட்டி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப் ஒன்றில் ‘மூட்டுவலி பேக்கேஜ்’ போட்டோம். ஈஎஸ்ஆர், சிஆர்பி, யூரிக் ஆசிட், ஆர்ஏ ஃபேக்டர், கால்சியம், விட்டமின் டி எல்லாம் அதில் அடக்கம். விட்டமின் டி கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் நார்மல். தம்பி போனைப் பார்த்து சத்தமாகப் படித்துவிட்டு “ஒண்ணும் இல்லம்மா” என்றான். அம்மா அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார். “அப்ப நான் நடிக்கிறேனா?” என்று ஒரே கேள்வி. அன்று ராத்திரி வரைக்கும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து தேய்மானம் மூன்றாம் கிரேடு என்றார். ரத்த ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை. சர்க்கரைக்கு எச்பிஏ1சி இருக்கிறது, ஜவ்வு தேய்வதற்கு ஒன்றும் கிடையாதா?

கோவை பாலு:
அந்த பேக்கேஜெல்லாம் வீண் செலவு. அப்பாவுக்கு யூரிக் ஆசிட் 7.8 வந்தது. உடனே கவுட் (யூரிக் ஆசிட் படிகமாக மூட்டில் சேரும் நோய்) என்று சொல்லி மாத்திரை, பருப்பு கூடாது, கறி கூடாது. முட்டி வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. வேறு டாக்டரிடம் போனோம். அவர் ரத்தமே கேட்கவில்லை, முட்டியில் ஊசி போட்டு நீரை இழுத்தார். வெளிர் மஞ்சள், சிரிஞ்சுக்குப் பின்னால் வைத்த காகிதத்தில் எழுத்து தெரிகிற அளவுக்குத் தெளிவு. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லப் பிரித்தார் பாருங்கள், கம்பிப் பதப் பாகு மாதிரி நீண்டது. “இது தேய்மானத் தண்ணி. கவுட்டோ சீழோ இருந்தா இப்படி இழுபடாது, தண்ணியா ஒழுகும்” என்றார். லேப் ரிப்போர்ட்டிலும் செல் எண்ணிக்கை 2000-க்குக் கீழே, யூரேட் படிகம் இல்லை. யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்தும் கவுட்டே வராதவர்கள் ஏராளமாம். அப்பா இழந்த சாம்பாருக்கு யார் பதில் சொல்வது?

சுந்தரவல்லி:
பாலு அண்ணா, ஒரேயடியாக வீண் என்று எழுதாதீர்கள். எனக்கு நேர் எதிர். “வயசாச்சு, தேய்மானம்” என்று முட்டிக்கு வலி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா என் கையைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு ஆன்டி சிசிபி என்ற ரத்த டெஸ்ட் எழுதினார். எக்கச்சக்கமாக வந்தது, முடக்குவாதம். அந்த டெஸ்ட் இல்லையென்றால் இன்னும் தைலம் தடவிக்கொண்டிருப்பேன். ரத்த டெஸ்ட் தேய்மானத்தைக் காட்டாது, சரி. இது தேய்மானம் இல்லை என்று காட்டும், அதுவும் வேண்டும்தானே?

முன்னாள் லேப்காரன்:
மலர்விழி அக்கா கேட்டதற்கு வருகிறேன். அப்படி ஒன்றைத் தேடுகிறார்கள், ஆராய்ச்சி அளவில் உண்டு. அப்படி ஓர் ஆய்வில் மாதிரி சேகரிக்கும் வேலை பார்த்தேன். காம்ப் என்று ஒரு புரதம், ஜவ்விலிருந்து (குருத்தெலும்பு) ரத்தத்துக்கு வருவது. சும்மா அரை மணி நடந்தாலே ஏறிவிடும். அதனால் வந்தவர்களை உட்காரவைத்துவிட்டுத்தான் ரத்தம் எடுப்போம். சிறுநீரில் சிடிஎக்ஸ்-2 என்ற ஜவ்வுத் துண்டைப் பார்ப்பது இன்னும் கூத்து. காலையில் கூடும், அப்புறம் குறையும், ஆகவே காலையின் இரண்டாவது சிறுநீர்தான் வேண்டும். ஒரு பெரியவர் டப்பாவை வாங்கிக்கொண்டு, “தம்பி, ஒண்ணுக்குப் போறதுக்கும் நம்பர் போட்டுட்டீங்களா?” என்றார். எனக்கு பதில் சொல்ல வரவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்புதான்.

சிடிஎக்ஸ்-2 என்பது ஜவ்விலுள்ள இரண்டாம் வகை கொலாஜன் உடைந்து விழும் துண்டு. அமெரிக்காவில் 600 பேரின் ரத்தம், சிறுநீரில் இதுபோன்ற 18 பொருட்களைப் பார்த்த ஆய்வில், யாருக்குத் தேய்மானம் வேகமாக முற்றும் என்று ஓரளவு சொன்னவற்றில் இதுவும் ஒன்று. ஓரளவுதான். இடுப்பு, முதுகுத்தண்டு, விரல் எது தேய்ந்தாலும் அதே துண்டு அதே சிறுநீரில்தான் வரும். வலது முட்டியா இடது முட்டியா என்று அதற்கு என்ன தெரியும்? 2024-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்துப் பெண்கள் 200 பேரின் பழைய ரத்தத்தை ஆராய்ந்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு எட்டு வருடம் முன்பே சில புரதங்கள் மாறுவதைக் காட்டினார்கள். நல்ல சேதி. ஆனால் 200 பேர். அதை வைத்து யாராவது பேக்கேஜ் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
எனக்கும் இரண்டு முட்டியும் போச்சு, எந்த டெஸ்டும் எடுக்கவில்லை. உடம்பு எடையைக் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையும். தொடைத் தசைக்குப் பயிற்சி முக்கியம்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்க வேண்டும், காலையும் மாலையும். வலிக்கிறது என்று படுத்துவிடக் கூடாது. தரையில் சம்மணம் வேண்டாம், இந்திய டாய்லெட் வேண்டாம். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். பிரண்டைத் துவையலும் சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

கோவை பாலு:
சார், கேள்வி டெஸ்ட் பற்றி. பிரண்டைக்குத் தனியாக ஒரு திரி திறங்கள். சுந்தரவல்லி அக்கா, முடக்குவாதம் வேறு நோய். நான் சொன்னது தேய்மானத்துக்கு.

சுந்தரவல்லி:
வேறு நோய் என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் அண்ணா?

நாகர்கோவில் ஜெயா:
சண்டை போதும். மலர்விழி, அம்மாவுக்கு எக்ஸ்ரே நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்தா? என் மாமியாருக்குப் படுக்கவைத்து எடுத்த படத்தில் எலும்புகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி தெரிந்தது, “ஆரம்ப நிலை” என்றார்கள். வேறு இடத்தில் நிற்கவைத்து எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் மாட்டினார். இரண்டாவதில் உள்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்போடு எலும்பு. ஒரே முட்டி, ஒரே மாதம். அடுத்த தடவை எடுக்கும்போது “நின்னுக்கிட்டு” என்று நீங்களே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.