ஏற்காட்டில் ஓடுகிறது, சேலத்தில் அணைகிறது: விட்சர் 3 ஆட வழி சொல்லுங்கள்

விட்சர் 3 என்ற கணினி விளையாட்டை ஆடும்போது என் லேப்டாப் அரை மணி நேரத்துக்குள் தானாக அணைந்துவிடுகிறது. 2019 மாடல், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். மார்ச் முதல் இந்தத் தொல்லை. விளையாட்டில் வரும் நோவிகிராட் நகருக்குள் நுழைந்தாலே விசிறி இரைகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது.

தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய கிராபிக்ஸ் முறைக்கு இறங்கி, காட்சியை நொடிக்கு 30 பிரேமில் நிறுத்தியும் பயனில்லை. ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் மட்டும் மணிக்கணக்கில் ஓடுகிறது! சேலம் அஸ்தம்பட்டியில் என் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது.

2024 டிசம்பரில் அறிவித்த நான்காம் பாகத்துக்கு சிரி என்ற பெண்தான் நாயகி. முன்னோட்டத்தில் அவள் சங்கிலியும் மந்திரமுமாகச் சண்டையிட்டதைப் பார்த்ததிலிருந்து, சண்டை முறை எப்படி மாறப்போகிறது என்பதே நண்பர்களிடையே பேச்சு. அது வருவதற்குள் மூன்றாம் பாகத்தை முடித்தே ஆக வேண்டும்.

ஏசி இல்லாத மாடி அறையில் ஆடுபவர்களே, லேப்டாப்பின் சூட்டை எதைக் கொண்டு குறைத்தீர்கள்?